விளிம்பில் ஒரு பெயர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

பதக்கம் என்று சொன்னதும் நம் மனக்கண்முன் எழுவது போர்க்களம். பகைவர் கொடியைப் பறித்து வந்தவர், எரியும் கப்பலிலிருந்து தோழனைத் தூக்கி வந்தவர், மார்பிலே குண்டேந்தி வீழ்ந்தவர் ஆகியோரையே பதக்கத்துக்கு உரியவர்களாக எண்ணிப் பழகிவிட்டோம். அவர்களுடைய வீரத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் யாரையும் கொல்லாமல், எந்தக் கோட்டையையும் பிடிக்காமல், நோயாளியின் படுக்கையருகே வாளியும் துணியும் கஞ்சிக் கிண்ணமுமாகப் பல்லாண்டுகள் நின்றமைக்காக ஒருவர் மார்பில் ஏறிய வெள்ளிப் பதக்கமும் உலகில் உண்டு. அந்தப் பதக்கத்தைப் பற்றியும், அதைப் பெற்ற கடற்படை மருத்துவ உதவியாளரைப் பற்றியும் என் எண்ணங்கள் சிலவற்றை இங்கே எழுத விரும்புகிறேன்.

வேதியியல் மாணவனுக்குக் கடற்படைப் பதக்கத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உறவை ஏற்படுத்தியது வைட்டமின் ‘சி’. அஸ்கார்பிக் அமிலத்தின் வாய்பாடு C₆H₈O₆ என்பதை நாமெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதைப் பிரித்தெடுத்த செயின்ட் ஜியார்ஜி 1937ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார் என்பதையும் அறிவோம். அந்த அமிலத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அது என்னை 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கப்பல் ஒன்றுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

1747ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள். ‘சாலிஸ்பரி’ என்னும் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு அழுகி, கால் தளர்ந்து கிடந்த 12 மாலுமிகளை ஓரிடத்தில் சேர்த்தார். எல்லோருக்கும் ஒரே உணவு கொடுத்து, அவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஓர் இணைக்குக் கடல்நீர், மற்றோர் இணைக்குக் காடி, இப்படியே போய் ஓர் இணைக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் கிடைத்தன. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு நாளிலேயே பழம் உண்டவர்களுள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையை அடைந்தார். மற்றவரும் நன்கு தேறியதால், எஞ்சிய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய அவரையே நியமித்தார் லிண்ட்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் என் மனம் நின்றுவிட்டது. நேற்று வரை நோயாளி, இன்று நோயாளிகளின் பணியாளர். தான் பிழைத்த பழத்தின் சுவை நாவில் மாறுவதற்குள், பழம் கிடைக்காத தோழர்களின் வாயைக் கழுவிவிடும் வேலை அவருக்கு வந்தது. லிண்டின் நூல் 1753இல் வெளியாயிற்று. 1795இல் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது. லிண்டின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைத்தது, நிலைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணியாளரின் பெயர் என்ன? லிண்டின் குறிப்பில் அது இல்லை. ஆய்வின் பயனை முதன்முதலில் உடலால் அறிந்தவரும், அந்த நோயாளிகளின் அருகிலேயே இருந்து கண்டவரும் அவர்தாம். அவருக்குப் பெயர் இல்லை.

அந்தக் காலத்துக் கப்பல்களில் மருத்துவருக்குத் துணையாக இருந்தவர்களை ‘லாப்லாலி பையன்’ என்று அழைத்தார்கள். லாப்லாலி என்பது நோயாளிகளுக்குக் கொடுக்கும் கெட்டிக் கஞ்சியின் பெயர். ஆகவே ‘கஞ்சிப் பையன்’ என்று நாம் சொல்லலாம். பையன் என்றாலும் எல்லோரும் சிறுவர்கள் அல்லர். கிழவர்களும் அந்தப் பெயரையே சுமந்தார்கள். காலையில் நோயாளிகளைக் கூப்பிட வேண்டும். கஞ்சி ஊட்ட வேண்டும். கட்டுத் துணி கிழித்து வைக்க வேண்டும். போர் மூண்டால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இருண்ட தளத்தில், இரத்தத்தில் வழுக்காமலிருக்க மணல் தூவ வேண்டும். மயக்க மருந்து இல்லாத அந்நாளில், காலை அறுக்கும்போது துடிக்கும் மனிதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அறுத்த உறுப்பை வாளியில் எடுத்துச் சென்று கடலில் எறிய வேண்டும். இவ்வளவும் செய்தவருக்குப் பெயர், கஞ்சியின் பெயர்!

இத்தகையோர் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் ஆங்கிலக் கடற்படையில் சேர்ந்தவர்கள் 1,84,899 பேர் என்றும், அவர்களுள் பகைவர் கையால் மாண்டவர்கள் 1,512 பேர்தாம் என்றும், நோயால் இறந்தும் காணாமற் போயும் இழக்கப்பட்டவர்கள் 1,33,708 பேர் என்றும் அக்காலத்து ஆண்டேடு ஒன்று வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது. காணாமற் போனவர்களுள் ஓடிப்போனவர்களும் அடக்கம். அதைக் கழித்துப் பார்த்தாலும் உண்மை மாறாது. பீரங்கியைவிடக் காய்ச்சல் பெரிய பகைவன். அந்தப் பகைவனோடு நாள்தோறும் போராடியவர் வாளேந்தியவர் அல்லர், வாளி ஏந்தியவர்.

இனிப் பதக்கத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் மன்னர் நான்காம் வில்லியம் பதின்மூன்றாம் வயதில், 1779இல், கடற்படையில் சேர்ந்தவர். அதனால் ‘மாலுமி மன்னர்’ என்று பெயர் பெற்றவர். அவருடைய ஆட்சியில் 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் கடற்படைக்கான ‘நெடும்பணி நன்னடத்தைப் பதக்கம்’ ஏற்படுத்தப்பட்டது. அதிகாரிகளுக்கு அன்று, கீழ்த்தளத்து மாலுமிகளுக்கு. தொடக்கத்தில் 21 ஆண்டுப் பணி வேண்டியிருந்தது. பிற்காலத்தில் 15 ஆண்டு என்று நிலைபெற்றது. முதல் வகையில் நங்கூரமும் மகுடமும் இருந்தன. பின்னர் வந்த வகையில் ஒரு புறம் அரசரின் தலை, மறு புறம் பாய்மரப் போர்க்கப்பல், அதைச் சுற்றி முடிச்சிட்ட கயிறு. கருநீல நாடா, இரு ஓரமும் வெள்ளை.

இந்த அழகுகளையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது அதன் விளிம்பு. முதல் வகைப் பதக்கத்தில் பின்புறத்திலும், பிற்காலத்துப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றியும், பெற்றவரின் பெயர், அவருடைய பணிநிலை, கப்பல் ஆகியவை பொறிக்கப்பட்டன. முகப்பில் இருக்கும் அரசர் எல்லாப் பதக்கத்துக்கும் பொது. விளிம்பில் இருக்கும் பெயரோ ஒருவருக்கே உரியது.

1830களில் கஞ்சிப் பையன் என்ற பெயர் மாறி ‘சிக் பெர்த் அட்டெண்டென்ட்’ என்ற பணிநிலை வந்தது. சிக் பெர்த் என்பது கப்பலில் நோயாளிகளைக் கிடத்தும் இடம். அதிலிருந்து உயர்ந்தவர் ‘சிக் பெர்த் ஸ்டூவர்ட்’ ஆனார். 1753இல் திறக்கப்பட்டதும், லிண்ட் பின்னாளில் தலைமை மருத்துவராக இருந்ததுமான ஹாஸ்லர் மருத்துவமனையில், 1880களில் இவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி ஏற்பட்டது. கையில் செஞ்சிலுவைச் சின்னம் ஏறியது. இன்று அவர்களுக்கு ‘மெடிக்கல் அசிஸ்டெண்ட்’ என்று பெயர். ஆக, சாலிஸ்பரி கப்பலில் பெயரில்லாமல் போன அந்தப் பணியாளரின் வழித்தோன்றல், நூறாண்டு கழித்துத் தம் பெயரை வெள்ளியிலே கண்டார். இதை நான் சிறிய செய்தி என்று கருதவில்லை.

ஆனால் இந்தப் பதக்கத்தை இகழ்வோரும் உண்டு. அவர்களுடைய வாதங்களைப் புறக்கணித்துவிட்டு நான் மட்டும் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது.

முதல் வாதம் இது. “ஆண்டுகள் தாமாகவே ஓடுகின்றன. ஓரிடத்தில் பதினைந்து ஆண்டு உட்கார்ந்திருந்தால் நாற்காலிக்கும் பதக்கம் கொடுக்கலாமே! அருஞ்செயலுக்கு அல்லவா பரிசு வேண்டும்?” கேட்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் அருஞ்செயலுக்குப் பரிசு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 11ஆம் நாள், ‘சீடிராகன்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தென்சீனக் கடலின் அடியில் இருந்தது. டேரல் ரெக்டர் என்ற இளம் மாலுமிக்குக் குடல்வால் அழற்சி. கப்பலில் மருத்துவர் இல்லை. இருந்தவர் வீலர் லைப்ஸ் என்னும் மருத்துவ மாலுமி. இருபது வயதைச் சற்றே கடந்தவர். அறுவைச் சிகிச்சைகளில் உடனிருந்திருக்கிறார், தாமாகச் செய்ததில்லை. நோயாளியின் ஒப்புதலைப் பெற்று, உணவு மேசைமேல் கிடத்தி, கரண்டிகளை வளைத்துக் காயத்தை விரித்துப் பிடிக்கும் கருவிகளாக்கி, தேயிலை வடிகட்டியை ஈதர் கொடுக்கும் முகமூடியாக்கி, டார்பிடோவில் பயன்படும் ஆல்கஹாலால் கருவிகளைத் தூய்மை செய்து, குடல்வாலை நீக்கினார். ரெக்டர் பிழைத்துப் பணிக்கும் திரும்பினார்.

இந்தச் செய்தியை எழுதிய ஜார்ஜ் வெல்லர் என்ற பத்திரிகையாளருக்கு 1943இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. செய்த லைப்ஸுக்குக் கடற்படைப் பதக்கம் எப்போது கிடைத்தது தெரியுமா? 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில்! 62 ஆண்டுகள் கடந்து. அடுத்த இரண்டே மாதத்தில் அவர் காலமானார். மருத்துவப் பட்டம் இல்லாதவர் கத்தி எடுக்கலாமா என்று முணுமுணுத்த பெரிய மருத்துவர்களும் அந்நாளில் இருந்தார்கள்.

அருஞ்செயலுக்குப் பரிசு வேண்டுமானால், செயல் நடக்கும்போது பார்ப்பவர் வேண்டும், எழுதுபவர் வேண்டும், மேலே உள்ளவர் மனம் இரங்க வேண்டும். நோயாளி அறையின் வேலையோ பார்ப்பாரின்றி நடப்பது. நள்ளிரவில் புண்ணுக்கு மருந்திட்டதை யார் கண்டார்? வாந்தியைத் துடைத்ததை எந்தப் பத்திரிகையாளர் எழுதுவார்? காய்ச்சல் பரவாமல் தடுத்துவிட்டால் அங்கே நிகழ்ச்சியே இல்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை! இத்தகைய வேலைக்குச் சாட்சி சொல்லக்கூடியது காலம் ஒன்றுதான். ஒரு நாள் நல்லவராக நடிக்கலாம். ஒரு மாதம் நடிக்கலாம். பதினைந்து ஆண்டு நடிக்க முடியுமானால், அதற்கு நடிப்பு என்று பெயரில்லை, அதுதான் குணம். ஆகவே நெடும்பணிப் பதக்கம் நாற்காலிக்குக் கொடுக்கும் பதக்கமன்று. சாட்சியில்லாத வேலைக்குக் காலத்தையே சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் ஒரு முறை அது.

இரண்டாவது வாதத்தை மாலுமிகளே சொன்னார்கள். “பதினைந்து ஆண்டு அகப்படாமல் குற்றம் செய்தவனுக்குக் கொடுப்பது இது” என்பது கீழ்த்தளத்தில் வழங்கிவந்த நகைச்சுவை. படித்தபோது நானும் சிரித்தேன். நம் விடுதியிலும் நன்னடத்தைச் சான்றிதழ் பற்றி இப்படிப் பேசிக்கொள்வது உண்டல்லவா? ஆனால் மருத்துவ மாலுமியைப் பொறுத்தவரை நன்னடத்தை என்பது வெறும் சடங்குச் சொல் அன்று.

1797ஆம் ஆண்டு ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் ஆங்கில மாலுமிகள் வேலைநிறுத்தம் போன்ற ஒரு கிளர்ச்சி செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் அவர்களுடைய சம்பளம் உயர்த்தப்படவே இல்லை. சம்பளத்தோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்றைக் கேளுங்கள்: நோயுற்றவர்களை நன்கு கவனிக்க வேண்டும், நோயாளிகளுக்கென்று வரும் பொருள்களை யாரும் கையாடக் கூடாது. அதாவது, நோயாளியின் வாய்க்குப் போக வேண்டியது வழியிலேயே மறைந்துகொண்டிருந்தது! படுத்துக் கிடப்பவன் கணக்குக் கேட்க முடியுமா? அவனுக்கு வந்த மதுவும் பழமும் சர்க்கரையும், பிற்காலத்தில் அபின் கலந்த மருந்துகளும், எல்லாம் உதவியாளரின் பொறுப்பில் இருந்தன. கேட்பாரற்ற இடத்தில், கேட்க முடியாதவனின் பொருளைப் பதினைந்து ஆண்டு தொடாமல் காத்த கைக்கு நன்னடத்தை என்று சான்று கொடுத்தால், அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவமனை வரிசையில் நின்று பழக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்தச் சான்றின் அருமை தெரியும்.

மூன்றாவது வாதம் வலிமையானது. “நன்னடத்தை என்று மாலுமிக்கு மட்டும் ஏன் சான்று? அதிகாரிக்கு வேண்டாமா? அதிகாரி பிறவியிலேயே நல்லவர், மாலுமியை மட்டும் ஐயப்பட்டுச் சோதிக்க வேண்டும் என்பதுதானே இதன் உட்பொருள்?” இதை நான் மறுக்கப் போவதில்லை. மேல்தளம், கீழ்த்தளம் என்ற வேறுபாடு அந்தப் பதக்கத்திலேயே பதிந்திருந்தது உண்மை. அதிகாரிகளும் அதைப் பெறலாம் என்ற பொது விதி பிரிட்டனில் 2016ஆம் ஆண்டில்தான் வந்தது. 185 ஆண்டு ஆகியிருக்கிறது! இந்தத் திருத்தத்தைச் சிலர் அதிகாரிகளுக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்கலாம். எனக்கோ அது மாலுமிக்குக் கிடைத்த நீதியாகத் தோன்றுகிறது. நன்னடத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது என்று ஆனபின்தான் அந்தச் சொல்லிலிருந்த ஐயம் நீங்குகிறது. விடுதலை பெற்ற நம் நாட்டிலும் 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு நெடும்பணிப் பதக்கங்கள் முப்படையிலும் உண்டு. அவை பணிநிலை பாராமல் வழங்கப்படுகின்றன. மும்பையிலுள்ள ‘அஸ்வினி’ கடற்படை மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக் கப்பலேறும் நம்முடைய மருத்துவ உதவியாளரும், அவர் பணியாற்றும் கப்பலின் தலைவரும், ஆண்டு நிறைந்தால் ஒரே நாடாவை அணியலாம். இது போற்றத்தக்கது.

இம்மூன்று வாதங்களுக்கும் விடை சொல்லிவிட்டேன் என்று மகிழ்ந்திருந்தபோது, ஒரு செய்தி என்னை மீண்டும் சிந்திக்க வைத்தது. நான் சொல்ல வந்ததன் சாரமும் அதுதான்.

1831இல் 21 ஆண்டுப் பணிக்குப் பதக்கம் என்று அறிவித்தார்களே, அந்நாளில் ஆங்கில மாலுமி நிரந்தரப் பணியாளரா? இல்லை! ஒரு கப்பல் புறப்படும்போது ஆள் எடுப்பார்கள். சில ஆண்டு கழித்துக் கப்பல் திரும்பியதும் கூலியைக் கொடுத்துக் கரையில் இறக்கிவிடுவார்கள். அடுத்த கப்பல் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. மாலுமியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் ‘தொடர்பணி’ முறை 1853ஆம் ஆண்டில்தான் வந்தது. பத்தாண்டுப் பணிக்கு ஒப்பந்தம், 20 ஆண்டு முடிந்தால் ஓய்வூதியம் என்ற நிலை அப்போதுதான் ஏற்பட்டது. அதற்கு முன் 22 ஆண்டு காலம், ‘நீண்ட நாள் பணி செய்தால் பதக்கம் தருவோம், ஆனால் நீண்ட நாள் வைத்துக்கொள்வோம் என்று உறுதி சொல்ல மாட்டோம்’ என்றுதான் கடற்படை சொல்லிக்கொண்டிருந்தது.

நெடும்பணி என்பது பணியாளரின் பொறுமையால் மட்டும் உண்டாவதில்லை. வைத்துக்கொள்பவரின் உறுதியும் சேர்ந்தால்தான் அது உண்டாகும். ஒருவர் கைவிடாமல் உழைப்பதும், ஒருவர் கைவிடாமல் வைத்திருப்பதும் சேர்ந்த உடன்படிக்கை அது. பதக்கத்தில் பணியாளரின் பெயர் விளிம்பிலும், அரசரின் தலை முகப்பிலும் இருப்பதற்கு இப்படியும் பொருள் கொள்ளலாம்: இருவரும் சொல் தவறவில்லை. ஒரு புறம் மட்டும் சொல் காக்கப்பட்டால் அது பாதிப் பதக்கம்தான்.

அந்த உடன்படிக்கை நிறைவேறும் முன்பே உயிர் கொடுத்தவர்களும் உண்டு. 1949 ஏப்ரல் 20ஆம் நாள் சீனத்தின் யாங்சி ஆற்றில் ‘அமெதிஸ்ட்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது. காயமுற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த மருத்துவர் ஆல்டர்டனும், அவருடைய சிக் பெர்த் அட்டெண்டென்ட் பேக்கரும் உயிரிழந்தார்கள். மருத்துவரும் உதவியாளரும் இல்லாத கப்பலுக்கு விமானத்தில் வேறொரு மருத்துவரைக் கொண்டுவந்து இறக்க நேர்ந்தது. மேல்தளமும் கீழ்த்தளமும் அந்தக் கணத்தில் ஒன்றாயின. இறப்பிலே சமத்துவம் தானாக வந்துவிடுகிறது. வாழும்போது அதைத் தருவதற்குத்தான் சட்டமும் மனமும் வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, கடலிலிருந்து நம் கரைக்கு வருவோம். இன்று நம்மைச் சுற்றி நடப்பது என்ன? 1853க்கு முந்தைய நிலையை நோக்கியே பல துறைகள் திரும்பிக்கொண்டிருக்கவில்லையா? நம் அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தில் பணிபுரியும் செவிலியர் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியும் காவற்பணியும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டன. ஒப்பந்தம் மாறினால் பணியாளரின் பழைய ஆண்டுகள் கரைந்துபோகின்றன. பத்தாண்டு உழைத்தவரும் ஏட்டின்படி புதியவர்! இவ்வளவு ஏன், நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் நமக்குப் பாடம் சொல்லித்தரும் கௌரவ விரிவுரையாளர்களை எண்ணிப் பாருங்கள். பெயரிலே கௌரவம் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் இருக்கிறதா? தலைமுடி நரைக்கும் வரை கற்பித்தும் ‘தற்காலிகம்’ என்ற சொல் நீங்காத ஆசான்கள் தமிழகத்தில் எத்தனை பேர்! அவர்கள் நெடும்பணி செய்யவில்லையா? செய்தார்கள். எண்ணத்தான் ஆளில்லை.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என் தந்தையும் பாட்டனாரும் பிறரிடம் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் உழைத்த ஆண்டுகளை எண்ணி வைத்த ஏடு எதுவும் இல்லை. எத்தனை ஆண்டு என்று கேட்டால், “நீ பிறக்கிறதுக்கு முன்னாடி இருந்து” என்பார் அப்பா. அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. ஆகவே, எங்கோ ஒரு கப்பலில் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டியவரின் ஆண்டுகளை ஒருவர் எண்ணி, அவர் பெயரை வெள்ளியில் பொறித்தார் என்று படிக்கும்போது, அந்த நாடு நம்மை அடிமைப்படுத்திய நாடு என்ற நினைவையும் மீறி எனக்கு மதிப்பு உண்டாகிறது. நல்ல வழக்கம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை.

அதற்காகப் பதக்கம் கொடுத்துவிட்டால் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சம்பளத்துக்குப் பதிலாகப் பதக்கம் கொடுப்பது ஏமாற்று. ஸ்பிட்ஹெட் மாலுமிகள் கேட்டது பதக்கம் அன்று. சம்பளமும், முழு எடை உணவும், நோயாளிக்குக் கவனிப்பும். முதலில் அவை, பிறகுதான் வெள்ளி. வயிற்றுக்கு உரியதைக் கொடுக்காமல் மார்புக்கு மட்டும் கொடுப்பது மரியாதையாகாது.

மாணவர்களாகிய நம்மால் சட்டம் இயற்ற முடியாது. நிரந்தர ஆணை வழங்கவும் முடியாது. ஆனால் எண்ணி வைக்க முடியும். பெயரைச் சொல்ல முடியும். நம் ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பிகளைக் கழுவி, உடைந்த கண்ணாடியால் நம் கை அறுபடாமல் காத்துவரும் உதவியாளர் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரவுக் காவலரின் முழுப்பெயர் என்ன? கழிப்பறையைத் தூய்மை செய்யும் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தவர் யார்? நம் கல்லூரி ஆண்டுவிழாவில் விளையாட்டு வீரர்களுக்கும் மதிப்பெண் பெற்றவர்களுக்கும் பரிசு கொடுக்கிறோம். அவர்களோடு, பத்தாண்டு, இருபது ஆண்டு இங்கே பணி செய்தோரின் பெயரையும் பணியையும் ஆண்டையும் மேடையில் வாசிக்க வேண்டும் என்றும், இந்த ஆண்டு மலரிலேயே ஒரு பக்கம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம் என்ற பாகுபாடு அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் மாணவர் பேரவையும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். இதற்கு வெள்ளி வேண்டாம். ஒரு தாளும் மையும் போதும்.

சாலிஸ்பரி கப்பலில் ஆரஞ்சு தின்று பிழைத்து, மற்றவர்களுக்குப் பணிவிடை செய்த அந்த மாலுமியின் பெயரை இனி எந்த நூலகத்தில் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால் அது இன்று இருந்திருக்கும். நம்மோடு இருப்பவர்களின் பெயரையாவது, அவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்போம்.